ஒரு டாலர் போக்கர் போட்டிகளில் உங்கள் பலம் எந்த வடிவத்தில்?

கேள்வி இதுதான். ஒருவர் ஆறு மாதமாக 1.10 டாலர் மட்டத்தில் கண்ணில் பட்ட போட்டியையெல்லாம் ஆடியிருக்கிறார். 180 பேர் சிட்-அண்ட்-கோ (இருக்கை நிரம்பியதும் தொடங்கும் போட்டி) 120 ஆட்டம், 40 சதவீத லாபம். ஒன்பது பேர் ஒற்றை மேசை 150 ஆட்டம், 4 சதவீத நஷ்டம். பவுண்டி போட்டிகள் (ஒருவரை வெளியேற்றினால் அதற்கே காசு) 80, 25 சதவீத நஷ்டம். மூன்று பேர் ஸ்பின் (பரிசு எத்தனை மடங்கு என்பது குலுக்கலில் விழும் குட்டிப் போட்டி) கொஞ்சம் ஆடியிருக்கிறார், அதற்குக் கணக்கு இல்லை. "அப்படியென்றால் என் பலம் 180 பேர் ஆட்டம்தானே? மற்றதையெல்லாம் விட்டுவிடலாமா?"

இப்போதைக்கு எதையும் விட வேண்டாம். அந்த எண்கள் அநேகமாக எதையுமே சொல்லவில்லை.

முதலில் அந்த 40 சதவீதத்தைப் பிரித்துப் பார்ப்போம். 120 ஆட்டத்துக்குக் கட்டியது 132 டாலர். 40 சதவீத லாபம் என்றால் கைக்கு வந்தது 184.80. 1.10-இல் 10 சென்ட்டைத் தளம் கழிவாக எடுத்துக்கொள்வதால், இந்த வகை ஆட்டத்தில் பரிசுக் குளம் 180 டாலர். முதல் பரிசு அதில் 30 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் 54 டாலர். ஒரே ஒரு முதலிடத்தைக் கழித்துவிடுங்கள். மிச்சம் 130.80, அதாவது கட்டியதைவிட ஒரு டாலர் இருபது சென்ட் குறைவு. ஆறு மாத "பலம்" முழுவதும் ஓர் இரவில் கிடைத்த ஒரே ஒரு முதலிடத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அன்று பரிசு எல்லைக்கு முன்பே ஒரு சீட்டு எதிராளிக்கு விழுந்திருந்தால், இதே மனிதர் இதே ஆட்டத்தை ஆடிவிட்டு நேர்மாறான கேள்வியைக் கேட்டிருப்பார்.

எத்தனை ஆட்டம் ஆடினால் எண்ணை நம்பலாம் என்பதையும் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒன்பது பேர் மேசையில் பரிசு 50, 30, 20 சதவீதம் என்றால், ஓர் ஆட்டத்தின் முடிவு சராசரியிலிருந்து விலகும் அளவு, கட்டணமும் சேர்ந்த நுழைவுத்தொகையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. 180 பேர் ஆட்டத்தில், 18 பேருக்குப் பரிசு என்றால், அது 4.8 மடங்கு. ஆயிரம் பேர் போட்டியில், முதல் பரிசு 17 சதவீதம் அளவில் என்றால், 7 மடங்கைத் தொடும். ஆட்டங்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்து, அதனால் இந்த விலகலை வகுத்து, இரண்டால் பெருக்கினால் உங்கள் லாப சதவீதம் எவ்வளவு மேலே கீழே ஆடக்கூடும் என்று தெரியும். 120 ஆட்டத்துக்கு அது கூட்டல் கழித்தல் 88 சதவீதம். அவருடைய 40 என்பது கழித்தல் 48-லிருந்து கூட்டல் 128 வரை எதுவாகவும் இருக்கலாம். ஒன்பது பேர் மேசையின் கழித்தல் 4, கூட்டல் 19 ஆகவும் இருக்கலாம், கழித்தல் 27 ஆகவும் இருக்கலாம்.

இந்த ஊசலாட்டம் கூட்டல் கழித்தல் 10 சதவீதத்துக்குள் அடங்க வேண்டுமென்றால் ஒன்பது பேர் மேசையில் சுமார் 800 ஆட்டம் போதும். 180 பேர் ஆட்டத்தில் 9,200 வேண்டும். ஆயிரம் பேர் போட்டியில் 20,000. வேலைக்குப் போய்க்கொண்டு வாரம் பத்து போட்டி ஆடுபவருக்கு 20,000 போட்டி என்பது 38 வருடம். ஆகவே பெரிய போட்டிகளில் நீங்கள் பலசாலியா என்பதை லாபக் கணக்கு உங்கள் வாழ்நாளில் சொல்லப்போவதில்லை. வேறு வழியில்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்த வழிக்குள் போகுமுன் ஒரு வார்த்தை. இந்தியாவில் 2025 ஆகஸ்ட்டில் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், காசு கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை, திறமை விளையாட்டோ அதிர்ஷ்ட விளையாட்டோ, மொத்தமாகத் தடை செய்துவிட்டது. சிங்கப்பூரிலும் உரிமம் இல்லாத தளத்தில் ஆடுவது குற்றம். இனி சொல்வது கனடா, பிரிட்டன், பிரான்ஸ் போன்ற, உரிமம் பெற்ற தளங்கள் நடக்கும் இடங்களில் இருப்பவர்களுக்கு. அதிலும் இட வேறுபாடு உண்டு. கனடாவின் ஒன்டாரியோவில் 2022 ஏப்ரலில் சந்தையைத் திறந்தபோது மாகாணத்துக்குள் இருப்பவர்கள் தங்களுக்குள்ளேயே ஆடும்படி தனிக்குளமாக வைத்தார்கள். பிரான்ஸ், ஸ்பெயின், போர்ச்சுகல் ஆட்டக்காரர்கள் ஒரே குளத்தில் ஆட முடியும். தனிக்குளத்தில் போட்டிக்கு வரும் கூட்டம் சிறியது. முதல் பரிசு பார்க்க அழகாக இருக்காது, ஆனால் மேலே சொன்ன ஊசலாட்டமும் சிறியது. ஒன்டாரியோவின் ஸ்கார்பரோவில் உட்கார்ந்துகொண்டு உலகக் குளத்தின் ஆயிரக்கணக்கானோர் போட்டிக்கு ஏங்குபவர்கள் இதை ஒரு குறையாகவே பார்க்கிறார்கள். கற்றுக்கொள்ளும் காலத்தில் அது ஒரு வசதி.

இனி விஷயம். வடிவத்தின் பெயரை மறந்துவிடுங்கள். டர்போ (கட்டாயப் பந்தயம் வேகமாக ஏறுவது), டீப்ஸ்டாக் (நிறைய சிப்புடன் தொடங்குவது), பவுண்டி, சாட்டிலைட் (பெரிய போட்டிக்கான டிக்கெட்டே பரிசு) எல்லாமே ஒரே இரண்டு பொருளை வெவ்வேறு அளவில் கலந்த கலவை. ஒன்று ஆழம்: உங்கள் முன்னால் எத்தனை பிக் பிளைண்ட் (ஒவ்வொரு கையிலும் ஒருவர் முறைவைத்துக் கட்டாயமாகப் போடும் பெரிய பந்தயம்) இருக்கிறது. இரண்டு அழுத்தம்: இப்போது வெளியேறினால் பரிசுக் கணக்கில் எவ்வளவு வலிக்கும். எந்த ஆழத்தில், எந்த அழுத்தத்தில் உங்கள் முடிவுகள் குறைவாகத் தவறுகின்றன, எதிராளிகளுடையது அதிகமாகத் தவறுகிறது என்று தெரிந்தால், அந்த நேரம் அதிகமாக வரும் வடிவம்தான் உங்களுடையது. (இனி பிக் பிளைண்டை பிபி என்று சுருக்குகிறேன். டர்போ ஆடினால் இந்த பிபியும் ரத்த அழுத்த பிபியும் சேர்ந்தேதான் ஏறும்.)

ஒரு போட்டி எந்த ஆழத்தில் அதிகம் நடக்கும் என்பதை அதன் லாபியிலேயே (போட்டி விவரப் பக்கம்) படிக்கலாம். முழு மேசையில் ஆன்லைனில் மணிக்கு 70 கை (ஒரு முறை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது) அளவில் ஓடும். டர்போவில் ஒரு லெவல் (பிளைண்ட் ஏறாமல் இருக்கும் காலம்) 5 நிமிடம், அதாவது ஆறு கை. ஒன்பது பேர் உட்கார்ந்த மேசையில் ஒரு சுற்று முடிவதற்குள் பிளைண்ட் ஏறிவிடுகிறது. இன்னும் வேகமான ஹைப்பரில் 3 நிமிடம், மூன்று நாலு கை. 12 நிமிட லெவலில் பதினான்கு கை, ஒன்றரைச் சுற்று. ஆகவே "100 பிபியுடன் ஆரம்பம்" என்று எழுதியிருக்கும் டர்போவில் நீங்கள் 100 பிபியில் ஆடுவது ஆறே கை. அரை மணி நேரத்தில் மேசையின் சராசரி 25 பிபிக்கு இறங்கியிருக்கும். காசு கிடைக்கும் இடம் நெருங்கும்போது 12, 15. ஆரம்ப ஆழத்தைப் பார்த்து ஏமாறாமல் லெவல் நிமிடத்தைப் பாருங்கள். ஃப்ளாப்புக்குப் (நடுவில் விழும் முதல் மூன்று பொதுச் சீட்டு) பிறகு தந்திரமாக ஆடத் தெரிந்தவர் டர்போவைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தன் திறமை செல்லவில்லை என்று வருந்துவதற்கு இதுவே காரணம். அந்தத் திறமைக்கு அங்கே வேலை இல்லை.

இந்த மட்டத்து எதிராளிகள் எந்த ஆழத்தில் என்ன தவறு செய்கிறார்கள் என்பது ஓரளவு நிலையானது. 40 பிபிக்கு மேல், ரெய்ஸ் செய்யாமல் (பந்தயத்தை உயர்த்தாமல்) லிம்ப் அடித்து, அதாவது பிக் பிளைண்ட் அளவு மட்டும் போட்டு, உள்ளே வருகிறார்கள், ஒரு ஜோடி கிடைத்தால் ரிவர் (கடைசிப் பொதுச் சீட்டு) வரை விடமாட்டார்கள். இவர்களிடம் நல்ல கையைப் பெரிதாகப் பந்தயம் கட்டி வாங்கிக்கொள்ள வேண்டும், பிளஃப் அடிக்கக் கூடாது. இது எளிது என்று தோன்றும், ஆனால் பொறுமை வேண்டும். 20-லிருந்து 40 பிபிக்குள் எல்லாருமே குழம்புகிறார்கள். மேலே ரீ-ரெய்ஸ் வந்தால் போட்ட காசை விட மனமில்லாமல் கால் அடித்துவிட்டு (அதே தொகையைத் தாங்களும் போட்டுவிட்டு) ஃப்ளாப்பில் விடுகிறார்கள். உண்மையில் கஷ்டமான ஆழம் இதுதான், இதைப் படித்துத் தேற ஒரு வருடம் ஆகும். 15 பிபிக்குக் கீழே வந்தால் பெரும்பாலானோர் நல்ல கைக்காகக் காத்திருந்தே 4 பிபிக்குத் தேய்ந்துவிடுகிறார்கள். அப்போது ஏஸ் ஜோடியே வந்து இரட்டித்தாலும் 8 பிபிதான்.

கடைசியில் சொன்ன ஆழம் மட்டும் மலிவாகக் கற்கக்கூடியது. 15 பிபிக்குக் கீழே ஆட்டம் பெரும்பாலும் தள்ளு (எல்லாச் சிப்பையும் ஒரேயடியாகப் போடுவது, ஆல்-இன்) அல்லது விடு என்று சுருங்கிவிடுகிறது. தள்ளும் கைகளின் அட்டவணையை தினம் இருபது நிமிடம் பார்த்தால் மூன்று வாரத்தில் மனதில் நின்றுவிடும். இருவர் மட்டும் மிஞ்சிய நிலையில், 10 பிபியுடன், சிறு பிளைண்டிலிருந்து பாதிக்கு மேற்பட்ட கைகளைத் தள்ளலாம் என்பதைக் கேட்டாலே பலர் முகம் சுளிப்பார்கள். அந்தச் சுளிப்புதான் உங்கள் வருமானம்.

சரி, உங்கள் தவறு எங்கே? போக்கர்டிராக்கர் 4, ஹோல்டெம் மேனேஜர் 3 என்ற, ஆட்டத்தை அலசும் மென்பொருள்களில் ஏதாவது ஒன்றில் உங்கள் கை வரலாற்றையெல்லாம் ஏற்றுங்கள். தளம் அனுமதிக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், சில தளங்கள் வரலாற்றைக் கோப்பாகத் தருவதில்லை. வடிவம் வாரியாகப் பிரிக்காதீர்கள். செயல்படும் ஸ்டாக் (சிப் குவியல்) வாரியாக, அதாவது உங்களுடையதும் எதிராளியுடையதும் எது சிறியதோ அதன்படி, நான்கு கூடையாகப் பிரியுங்கள்: 40-க்கு மேல், 20 முதல் 40, 10 முதல் 20, 10-க்குக் கீழே. ஒவ்வொன்றிலும் நூறு கைக்கு எத்தனை பிபி வென்றீர்கள் என்பதை, ஆல்-இன் அதிர்ஷ்டத்தைச் சரிசெய்த கணக்கில் பாருங்கள். கேள்வி கேட்டவரின் 350 போட்டிகளில் பல ஆயிரம் கை இருக்கும். போட்டி முடிவுகள் 350-தான், கைகள் அதைப்போல் பல மடங்கு. அதனால்தான் இந்த வெட்டு பேசுகிறது, லாபக் கோடு பேசவில்லை.

இதிலும் ஒரு ஏமாற்று உண்டு. ஆழமான கூடையில் உள்ள கைகளில் ஒரு பகுதி, நீங்கள் ஏற்கெனவே வென்று பெரிய ஸ்டாக் சேர்த்த நாட்களிலிருந்து வந்தவை. அன்று மேசையும் பயந்து ஆடியிருக்கும். எனவே 40-க்கு மேல் கூடையில் போட்டியின் முதல் அரை மணி நேரக் கைகளைத் தனியாக வடிகட்டிப் பாருங்கள். அது உங்கள் உண்மை முகம்.

எண்ணோடு நிற்காமல் கைகளையும் திறந்து பாருங்கள். ஒரு சோதனை: எல்லாரும் விட்டுவிட்டு ஆட்டம் உங்களிடம் பட்டனில் (பிளைண்ட் போடும் இருவருக்கு முந்தைய இருக்கை) வந்த கைகள், 12 பிபி அல்லது குறைவு. ஐம்பது கையை எடுங்கள். அதில் நீங்கள் விட்டுவிட்ட கைகளை மட்டும் எழுதுங்கள். 9 பிபியுடன் ஏஸ்-4, கிங்-9, சிறு ஜோடிகள் அந்தப் பட்டியலில் இருந்தால், உங்கள் டர்போ நஷ்டத்துக்குத் துரதிர்ஷ்டத்தைக் குறை சொல்ல வேண்டாம். பரிசு அழுத்தம் இல்லாத நேரத்தில் அவையெல்லாம் தள்ள வேண்டிய கைகள். இரண்டாவது சோதனை: பரிசு எல்லைக்கு அருகில் மற்றவர் தள்ளியபோது நீங்கள் கால் அடித்த கைகள். இதை ஐசிஎமைசர் போன்ற, சிப்பின் பரிசு மதிப்பைக் கணக்கிடும் மென்பொருளில், ஆட்டம் முடிந்த பிறகு, போட்டுப் பாருங்கள். ஆடும்போதே திறந்து வைத்தால் கணக்கை முடக்குவார்கள்.

அந்த இரண்டாவது சோதனை ஏன் முக்கியம் என்பதை ஒன்பது பேர் மேசையில் துல்லியமாகக் காட்டலாம். நாலு பேர் மிச்சம், மூன்று பேருக்குப் பரிசு, எல்லாரிடமும் 10 பிபி. சிறு பிளைண்டு தள்ளுகிறார், நீங்கள் பிக் பிளைண்டு. விட்டால் உங்களிடம் 9 பிபி. பரிசுக் குளத்தில் அதன் மதிப்பு 23.3 சதவீதம். கால் அடித்து வென்றால் 20 பிபி, மிச்சம் இருவரிடமும் பத்துப் பத்து. சிப் இரட்டித்துவிட்டதே, மதிப்பும் இரட்டித்து 50 ஆகுமா? ஆகாது. 38.3-தான். முதலிடம் வாங்க 50 சதவீத வாய்ப்பு, இரண்டாமிடம் மூன்றில் ஒன்று, மூன்றாமிடம் ஆறில் ஒன்று. அதை 50, 30, 20 பரிசோடு பெருக்கினால் இவ்வளவுதான் வரும். தோற்றால் பூஜ்யம். ஆக 23.3-ஐ 38.3-ஆல் வகுத்தால், கால் அடிக்க 61 சதவீத வெற்றி வாய்ப்பு வேண்டும். எந்தக் கையும் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு தள்ளுகிறவருக்கு எதிராகவே ஏஸ்-கிங், சூட் வேறு வேறாக இருந்தால், சுமார் 65 சதவீதம்தான் வெல்லும். 6 ஜோடி 63. அவர் கொஞ்சம் தேர்ந்தெடுத்துத் தள்ளுகிறார் என்றால் 6 ஜோடி உடனே கீழே போய்விடும். "ஏஸ் இருந்தது, கால் அடித்தேன்" என்பதுதான் இந்த வடிவத்தில் பணம் ஒழுகும் ஓட்டை. இதே கணக்கின் மறுபக்கம்: அவர் விட்டாக வேண்டும் என்பதால் நீங்கள் முதலில் தள்ளுவது மிக லாபம். இந்தக் கணக்கு மனதில் ஒட்டுகிறவருக்கு ஒற்றை மேசை ஆட்டம் நல்ல வீடு. எரிச்சலாக இருக்கிறது என்றால் அது உங்கள் வீடல்ல, அவ்வளவுதான்.

ஒற்றை மேசையில் தேவைப்படும் வெற்றி எவ்வளவு சிறிது என்பதையும் பாருங்கள். 1.10 கட்டி, பரிசு பெறும்போது சராசரியாக 3 டாலர் வருகிறது. கட்டியது திரும்ப வர, நூறில் 36.7 முறை பரிசு எட்ட வேண்டும். கண்ணை மூடி ஆடினாலே 33.3. இடையில் இருக்கும் மூன்று சொச்சத்தைத் தளத்தின் கழிவு தின்கிறது. இந்த மட்டத்தில் லாபத்துக்கும் நஷ்டத்துக்கும் நடுவே உள்ள சுவர் இவ்வளவு மெல்லியது. அதனால் கழிவைப் பார்க்காமல் வடிவத்தை ஒப்பிடவே கூடாது. 1.10-இல் 0.10 கழிவு என்றால் 9.1 சதவீதம்.

பவுண்டி போட்டியில் கணக்கு தலைகீழ். வளரும் பவுண்டியில் பொதுவாக நுழைவுத்தொகையில் பாதி பரிசுக் குளத்துக்கும் பாதி உங்கள் தலைக்கு விலையாகவும் போகிறது. ஒருவரை வெளியேற்றினால் அவர் தலை விலையில் பாதி உடனே காசு, மீதிப் பாதி உங்கள் தலையில் ஏறும். ஆரம்பத்தில் 10,000 சிப் என்பது நுழைவுத்தொகையில் பாதிக்குச் சமம். உடனே கிடைக்கும் காசு கால் பங்கு. அப்படியென்றால் ஒரு தலை 5,000 சிப்புக்குச் சமம். முதல் அரை மணியில், பிளைண்ட் 100/200, உங்களிடம் 10,000. ஒருவர் தன்னுடைய 3,000 சிப்பையும் தள்ளுகிறார், உங்களிடம் பிக் பிளைண்டில் வந்துவிட்டது. இன்னும் 2,800 போட வேண்டும். நடுவில் 3,300. சாதாரணப் போட்டியில் 2,800-ஐ 6,100-ஆல் வகுத்து, 46 சதவீதம் தேவை. பவுண்டியைச் சேர்த்தால் வகுக்கும் எண் 11,100. தேவை 25 சதவீதம்! பயந்தவராக இருந்து தலையின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தாலும் 30-ஐத் தாண்டாது. ஜாக்-8, 7-6 போன்றவை எல்லாம் கால். கேள்வி கேட்டவரின் 25 சதவீத நஷ்டம் இங்கிருந்து வந்திருக்கலாம்: சாதாரணப் போட்டி ஆடும் இறுக்கத்தோடு பவுண்டி ஆடுவது. அல்லது நேரெதிர்த் தவறு: எதிராளியிடம் தன்னைவிட அதிக சிப் இருக்கும்போது தலை விலைக்காகப் பாய்வது. அவரை நீங்கள் வெளியேற்றவே முடியாது, தலை உங்களுக்குக் கிடைக்கவே போவதில்லை. மேசையில் யாரிடம் யாரைவிட அதிக சிப் இருக்கிறது என்று ஒவ்வொரு கைக்கும் முன் பார்ப்பதுதான் பவுண்டி ஆட்டத்தின் பாதி. போட்டி முன்னேற முன்னேற ஒரு தலையின் சிப் மதிப்பு மாறும், இறுதி மேசையில் மறுபடி பரிசு அழுத்தம் வந்து உட்காரும். ஆனால் ஆரம்பக் கட்டத்தில் மட்டும் சரியாக ஆடினாலே இந்த மட்டத்தில் பாதிப் பேரைத் தாண்டிவிடலாம். தாமதமாகப் பதிவு செய்து நுழைவது பவுண்டியில் இரட்டை நஷ்டம்: பலவீனமானவர்களின் தலைகள் ஏற்கெனவே விற்றுப்போயிருக்கும், நீங்களோ பெரும்பாலும் மேசையின் சராசரியைவிடச் சிறிய ஸ்டாக்குடன் உட்காருவீர்கள்.

சாட்டிலைட் பற்றிச் சுருக்கமாக. பத்து டிக்கெட், பதினோரு பேர் மிச்சம். உங்களிடம் 20 பிபி. ஒருவரிடம் ஒன்றரை பிபி, அடுத்த கை அவருக்குத்தான் பிக் பிளைண்ட். 30 பிபி உள்ளவர் தள்ளுகிறார், உங்கள் கையில் ஏஸ் ஜோடி. விட வேண்டும். எந்தக் கையையும் வைத்துத் தள்ளுகிறவருக்கு எதிராக ஏஸ் ஜோடி சராசரியாக நூறில் பதினைந்து முறை தோற்கும். விட்டால் டிக்கெட் ஏறக்குறைய உறுதி. வென்றாலும் அதே ஒரு டிக்கெட்தான். இதைப் படிக்கும்போது "ஆமாம்" என்று தலையாட்டி, ஆடும்போது விரல் கால் பொத்தானுக்குப் போகிறவர்கள் சாட்டிலைட் பக்கம் போகாமலிருப்பது நல்லது. விரல் அடங்குகிறவர்களுக்கு இதைவிடச் சுலபமான லாபம் இந்த மட்டத்தில் குறைவு. கிடைக்கும் டிக்கெட்டைக் காசாக மாற்ற முடியுமா என்று முன்பே பார்த்துவிடுங்கள். 11 டாலர் போட்டிக்கு டிக்கெட் வென்றுவிட்டு, அந்தப் போட்டியில் எரிப்பது லாபமல்ல.

ஸ்பின் ஆட்டத்தில் மூன்று பேர், பொதுவாக ஒருவருக்கே பரிசு, பெரும்பாலும் இரண்டு மடங்கு. தளக் கழிவு 7 சதவீதம் என்றால் சராசரிப் பெருக்கு 2.79. சமமாக நிற்க நூறில் 35.8 ஆட்டம் வெல்ல வேண்டும். 500 சிப்பில் ஆரம்பித்தால் ஆட்டத்துக்குச் சராசரி 38 சிப் உபரி எடுத்தால்தான் தலை தப்பும். இதில் பொறி இருப்பது பெருக்கு அட்டவணையில். அந்தச் சராசரி 2.79-இல் ஒரு பகுதி ஆயிரம் மடங்கு போன்ற, நீங்கள் பார்க்கவே போகாத வரிகளிலிருந்து வருகிறது. தளத்தின் அட்டவணையை எடுத்து 25 மடங்குக்கு மேலுள்ள வரிகளை அடித்துவிட்டு மறுபடி கணக்கிடுங்கள். அதுதான் நீங்கள் தினமும் வாழப்போகும் உலகம். நல்ல பக்கமும் உண்டு: எண் சீக்கிரம் தெரியும். சிப் கணக்கில் ஓர் ஆட்டத்தின் விலகல் சுமார் 707 சிப், ஆயிரம் ஆட்டத்தில் அது 22-ஆக அடங்கும், ஆல்-இன் சரிசெய்தால் இன்னும் குறையும். மாலை ஏழு மணிக்கு உட்கார்ந்து ஏழே முக்காலுக்கு எழுந்துவிடவும் முடியும். குழந்தையைத் தூங்க வைக்க வேண்டியவருக்கு இது சிறிய விஷயமல்ல.

இங்கேதான் நேரக் கணக்கு வருகிறது. லாப சதவீதத்தை மட்டும் ஒப்பிடுவது கடையில் விலையைப் பார்த்து எடையைப் பார்க்காதது போல. ஒற்றை மேசை டர்போவில் 8 சதவீதம் எடுக்கிறீர்கள் என்று வைப்போம். ஆட்டத்துக்கு 8.8 சென்ட், சராசரி 35 நிமிடம், மணிக்கு 15 சென்ட். 180 பேர் டர்போவில் 25 சதவீதம் என்றால் 27.5 சென்ட், சீக்கிரம் வெளியேறும் நாட்களையும் சேர்த்துச் சராசரி 50 நிமிடம், மணிக்கு 33 சென்ட். ஆயிரம் பேர் போட்டியில் 40 சதவீதமே எடுத்தாலும் 44 சென்ட். சராசரி 100 நிமிடம் என்றால் மணிக்கு 26 சென்ட். இது ஒரு மேசைக்கு. ஒற்றை மேசை ஆட்டத்தை ஆறு திறந்து ஆடுகிறவர் ஆழமான போட்டியை மூன்றுக்கு மேல் கையாள முடியாமல் தவிக்கலாம். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள், வரிசை மாறும். தொகை பெரிதல்ல என்பதும் தெரியும். இந்த மட்டத்தின் பயன் அடுத்த மட்டத்துக்குத் தேர்வதுதான்.

பெரிய போட்டியில் இன்னொன்று, சதவீதத்தில் தெரியாதது. பரிசுப் பணத்தின் பெரும்பகுதி கடைசி ஒன்பது பேருக்கு. அந்த மேசை நான்கு, ஐந்து மணி நேரம் கழித்து வருகிறது. இரவு எட்டுக்கு ஆரம்பித்தால் ஒரு மணிக்கு, கண் எரியும்போது, வருடத்தின் மிக விலை உயர்ந்த முடிவுகளை எடுக்கிறீர்கள். உங்கள் தரவில் நள்ளிரவுக்குப் பிந்தைய கைகளைத் தனியாக வடிகட்டிப் பாருங்கள். அங்கே எண் சரிந்தால் ஞாயிறு மதியப் போட்டிகளுக்கு மாறுங்கள், அல்லது 90 நிமிடத்தில் முடியும் வடிவத்துக்கு.

கணக்கு வைக்கும்போது எல்லாரும் செய்யும் மூன்று பிழைகள். மறுநுழைவுப் போட்டியில் மூன்று முறை நுழைந்துவிட்டு அதை ஒரு போட்டியாக எழுதுவது. ஒவ்வொரு நுழைவும் தனி வரி. "1 டாலர் ரீ-பை" (சிப் தீர்ந்தால் மறுபடி வாங்கலாம்) என்பதை 1 டாலர் போட்டியாக எண்ணுவது. ஆட்-ஆன் (கூடுதலாக வாங்கும் சிப்) சேர்த்தால் பலருக்கு அது 3, 4 டாலர் போட்டி. பிறகு, எத்தனை முறை பரிசு எட்டினோம் என்ற சதவீதத்தைப் பெருமையாகப் பார்ப்பது. 25 சதவீதம் எட்டி, எல்லாமே கடைசிப் பரிசு என்றால், நீங்கள் எல்லை தாண்டவே ஆடுகிறீர்கள், வெல்ல ஆடவில்லை.

கேள்வி கேட்டவருக்கு நடைமுறை. அடுத்த பன்னிரண்டு வாரத்துக்கு வடிவத்தை மூன்றாகக் குறையுங்கள்: ஒன்பது பேர் டர்போ, 180 பேர் டர்போ, 200 பேருக்கு மேல் போகாத, 10 நிமிட லெவலுக்குக் குறையாத ஒரு போட்டி. மூன்றும் ஒரே நுழைவுத்தொகை, இல்லாவிட்டால் எதிராளி தரம் மாறிவிடும். கையிருப்பு ஒற்றை மேசைக்கு 75 நுழைவு, 180 பேருக்கு 150, பெரிய கூட்டத்துக்கு 300 என்று வைத்துக்கொள்ளுங்கள். இழந்தால் வாடகை பாதிக்காத பணமாக மட்டும். முதல் மூன்று வாரம் அட்டவணைப் படிப்பு. ஒவ்வொரு ஞாயிறும் அந்த வார ஆட்டத்திலிருந்து வடிவத்துக்கு இருபது முக்கியமான கை எடுத்து, மென்பொருளில் ஒவ்வொன்றிலும் எவ்வளவு இழந்தீர்கள் என்று எழுதுங்கள். பன்னிரண்டு வாரத்தில் வடிவத்துக்கு 240 கை. அதில் சராசரி இழப்பு குறைந்துகொண்டே வரும் வடிவம் ஒன்று தெரியும். இப்போது குறைவாக இருப்பதைவிட வேகமாகக் குறைவதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு உங்கள் ஆட்டத்தில் எழுபது சதவீதத்தை அதற்குக் கொடுங்கள், மிச்ச முப்பதைக் கற்றுக்கொள்ள விரும்பும் ஒன்றுக்கு. பவுண்டியை அந்த முப்பதில் வைக்கலாம், ஏனென்றால் அவருடைய தவறு எங்கே என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. முதல் அரை மணி நேரத்தில் தன்னைவிடச் சிறிய ஸ்டாக் தள்ளியபோது விட்டுவிட்ட கைகளை எண்ணிப் பார்த்தால் அது ஊகமா உண்மையா என்பது ஒரே மாலையில் தெரிந்துவிடும்.